அரிசி மூட்டை மட்டும் போதாது: ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு அவசரகாலச் சாப்பாடு பற்றி

போன கிழமை, வந்து இரண்டு மாதமேயான ஒரு குடும்பத்தைப் பார்க்கப் போயிருந்தேன். குசினி அலுமாரியைத் திறந்து காட்டினார்கள். 40 இறாத்தல் அரிசி மூட்டை, மைசூர்ப் பருப்பு, கோதுமை மா, மிளகாய்த்தூள், தேங்காய்ப்பால் மா. "பனிக்காலத்துக்கு எல்லாம் வாங்கி வைச்சிட்டம் அக்கா" என்றார் அந்தத் தங்கச்சி. பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. "கரண்ட் நிண்டால் இதிலை எதைச் சாப்பிடுவியள்?" என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை. 2013 டிசெம்பரில் என்னிடமும் இருக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் வந்து அப்போது மூன்றாவது மாதம். ஸ்காபரோவில் ஒரு கட்டடத்தின் 11ஆம் மாடி. டிசெம்பர் 21 இரவு உறைமழை கொட்டியது. மழையாக விழும் தண்ணீர் பட்ட இடத்திலேயே கண்ணாடிபோல் உறைந்துவிடும். மரக்கிளைகள் பாரம் தாங்காமல் முறிந்து மின்கம்பிகளின் மேல் விழுந்தன. விடிந்தபோது நகரத்தில் ஏறத்தாழ 3 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் இல்லை. எங்களுக்கு மூன்றாம் நாள் வந்தது. நத்தாரன்றும் இருட்டில் இருந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர்.

இங்கே பெரும்பாலான அடுக்குமாடி வீடுகளில் மின்சார அடுப்புத்தான். கரண்ட் நின்றதும் அடுப்பு நின்றது, சூடாக்கி நின்றது, லிஃப்ட் நின்றது. மேல்மாடிகளுக்குத் தண்ணீரை ஏற்றும் பம்பும் மின்சாரத்தில் ஓடுவது. மத்தியானத்துக்குள் குழாயில் தண்ணீர் நூலாகி, பிறகு அதுவும் இல்லை. அரிசி மூட்டை சுவரோடு சாய்ந்தபடி இருந்தது. மகளுக்கு இரண்டு வயது. பாண் அரை இறாத்தல், நாலு வாழைப்பழம், ஒரு பைக்கற் பிஸ்கற், இவ்வளவுதான் வீட்டில் அப்படியே சாப்பிடக்கூடியதாக இருந்தவை. பக்கத்து வீட்டுப் பிலிப்பினோ அம்மா இரண்டு ரின் மீனும் ஒரு பெட்டி கிறாக்கரும் கொண்டுவந்து தந்ததை நான் இன்றும் மறக்கவில்லை.

1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்ற பிறகு, ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்துக் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு விளக்கெரித்தவர் என் அம்மா. எதற்கும் கலங்காதவர். எங்கள் நிலையைப் பற்றி அவர் சொன்னது இது: "சண்டைக்குள்ளை இதைவிடக் குறைய வைச்சுக்கொண்டு இருந்தனாங்கள் பிள்ளை. ஆனா அங்கை கிணறு இருந்தது, விறகு இருந்தது."

நான் சொல்ல வந்த விஷயம் முழுவதும் அந்த வசனத்தில் இருக்கிறது. அரிசியும் பருப்பும் இருந்தால் பயமில்லை என்பது கிணறும் விறகும் உள்ள வீட்டின் கணக்கு. இங்கே முதல் மூன்று நாளுக்கு அடுப்பும் குழாயும் இல்லாமல் சாப்பிடக்கூடியதாக என்ன இருக்கிறது என்று பாருங்கள். கனடிய அரசாங்கமும் 72 மணித்தியாலம் தாக்குப்பிடிக்க ஆயத்தமாக இருக்கும்படிதான் சொல்கிறது. அரிசி மூட்டை அதற்குப் பிந்தியது. 2020 மார்ச்சில் கொரோனாப் பயத்தால் கடைத் தட்டுகள் வெறுமையானபோது கரண்ட் இருந்தது, அப்போது மூட்டை உதவியது. இரண்டும் வேறு வேறு தேவை.

முதலில் தண்ணீர். ஆளுக்கு நாளுக்கு 2 லீற்றர் குடிக்க. கழுவ, சமைக்க என்று இன்னொரு 2 லீற்றர். நாலு பேருக்கு மூன்று நாளுக்குக் குடிக்க மட்டும் 24 லீற்றர் வேண்டும். கடையில் அரை லீற்றர் போத்தல் 24 கொண்ட கட்டு வருகிறதே, அதில் இரண்டு கட்டு. கட்டிலுக்குக் கீழே இடம் காணும். உறைமழை எச்சரிக்கை வந்த அன்று குளியல் தொட்டியையும் வாளிகளையும் நிரப்பி விடுங்கள், கழிவறைக்கு ஊற்ற உதவும். தண்ணீர் கணக்கை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் கைவசம் இருக்கும் நாள்பட்ட சாமான்கள் பல உப்புச் சாமான்கள். கருவாடு, ஊறுகாய், உடனடி நூடில்ஸ் எல்லாம் தாகத்தைக் கூட்டும். அவற்றை நம்பி இருந்தால் தண்ணீர் இரண்டாம் நாளே முடியும்.

இனிச் சாப்பாடு. இதில் எங்கள் ஆட்கள் பெரிய பணக்காரர்கள், அது பலருக்குத் தெரிவதில்லை. அவலை எடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறினால் போதும், தடிப்பான சிவப்பு அவல் என்றால் இன்னும் சற்று நேரம். சீனியும் உலர்த்திய தேங்காய்ப்பூவும் பிசைந்தால் ஒரு வேளைச் சாப்பாடு. அடுப்பே வேண்டாம். நெருப்பில்லாத வீட்டுக்கு இதைவிட நல்ல தானிய உணவு எனக்குத் தெரியாது. நாங்கள் எப்போதும் 2 கிலோ வைத்திருக்கிறோம்.

அடுத்தது வறுத்த மா. பயறு, உழுந்து, குரக்கன், அரிசி எதுவானாலும் நன்றாக வறுத்து அரைத்தது ஏற்கெனவே வெந்த சாமான். பால்மாவும் சீனியும் சேர்த்துத் தண்ணீர் தெளித்து உருட்டினால் பிள்ளைகள் சாப்பிடுவார்கள். தமிழ்க் கடைகளில் சத்துமா என்று பைக்கற்றில் வருவதை வாங்கும்போது, வறுத்ததா, காய்ச்சிக் குடிக்க வேண்டியதா என்று பையைப் பார்த்து வாங்குங்கள். பச்சை மாவைக் காய்ச்சாமல் தின்னக் கூடாது. கோதுமை மாவும் அப்படித்தான்.

புழுக்கொடியல் ஊரிலிருந்து வந்தால் பத்திரமாக வையுங்கள். அவித்துக் காயவைத்த கிழங்கு என்பதால் அப்படியே கடித்துச் சாப்பிடலாம், ஈரம் படாமல் இருந்தால் நெடுநாள் கெடாது. ஒடியல் மா அப்படியில்லை, அதைக் கூழோ பிட்டோ ஆக்கியே ஆக வேண்டும். பனாட்டு, எள்ளுருண்டை, கச்சான், பேரீச்சம்பழம், பருத்தித்துறை வடை, ரஸ்க் எல்லாம் இந்தப் பெட்டிக்குள் வரலாம். வடையும் முறுக்கும் எண்ணெய்ச் சாமான்கள், சில கிழமைக்குமேல் சிக்கு மணம் வரும். அவற்றை மட்டும் அடிக்கடி மாற்ற வேண்டும்.

ரின் சாமானை எங்களில் பலர் குறைவாக நினைக்கிறோம். ரின் மீனை எப்போதும் குழம்பு வைத்தே பழகியதால், அது ரின்னுக்குள்ளேயே வெந்தது, சூடாக்காமலே சாப்பிடலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய்ப் புளி விட்டுப் பிசைந்தால் பாணோடும் கிறாக்கரோடும் நல்ல சாப்பாடு. மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்களுக்கு ரின் கொண்டைக்கடலை, பீநட் பட்டர். சிவப்பு பீன்ஸும் ரின்னில் வாங்குங்கள். காய்ந்த சிவப்பு பீன்ஸை ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு நன்றாகக் கொதிக்க வைக்காவிட்டால் வயிற்றைப் புரட்டும் நஞ்சு அதில் இருக்கிறது. மீன், கடலை போன்ற புளிப்பில்லாத ரின்கள் இரண்டு முதல் ஐந்து வருடம் நிற்கும். தக்காளி, அன்னாசி போன்ற புளிப்புள்ளவை ஒன்றரை வருடத்துக்குள் சுவை இழக்கும். ஊதிய ரின், ஒழுகும் ரின், விளிம்பில் நசுங்கிய ரின் எதையும் ருசி பார்த்து முடிவு செய்யாதீர்கள். எறிந்து விடுங்கள். கையால் திருப்பும் ரின் கட்டர் ஒன்றைப் பெட்டிக்குள்ளேயே போட்டு வையுங்கள்.

அரிசி பற்றிப் பலர் கேட்கிறார்கள். வெள்ளை அரிசி காற்றுப் புகாத வாளியில் வருடக்கணக்கில் நிற்கும். தீட்டாத சிவப்பரிசியில் தவிட்டு எண்ணெய் இருப்பதால் ஆறு மாதமளவில் மணம் மாறத் தொடங்கும். ஆட்டா மாவும் அதே கதை, ஆகவே இரண்டையும் சிறிதாக வாங்குங்கள். வண்டின் முட்டை பெரும்பாலும் பையோடுதான் வருகிறது. வாங்கிய உடனே சிறு பைகளாகப் பிரித்து நாலு நாள் ஃபிரீசரில் வைத்து எடுத்தால் முட்டைகள் செத்துவிடும். வெளியே எடுத்தபின் பை முழுக்க அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்காதீர்கள், இல்லையென்றால் ஈரம் பிடிக்கும்.

"பெஸ்ட் பிஃபோர்" திகதியைப் பார்த்து நல்ல சாமானை எறிபவர்களையும் பார்த்திருக்கிறேன். திறக்காத சாமானின் சுவையும் சத்தும் எவ்வளவு காலம் குறையாமல் இருக்கும் என்பதைத்தான் அந்தத் திகதி சொல்கிறது. அது கழிந்தால் நஞ்சாகிவிட்டது என்று பொருளில்லை. காலாவதித் திகதி என்று தனியாகக் குறிக்கப்படுபவை இங்கே சிலதான். அவற்றில் முக்கியமானது குழந்தைகளுக்கான பால்மா. அதில் ஒரு நாள் கழிந்திருந்தாலும் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. கைக்குழந்தை உள்ள வீடு என்றால், தண்ணீர் சேர்க்கத் தேவையில்லாத திரவப் பாலாகக் கொஞ்சம் வைத்திருப்பது மிக நல்லது.

கரண்ட் நின்றவுடன் ஃபிரிஜ்ஜைத் திறந்து பார்க்கும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. திறக்காமல் விட்டால் ஃபிரிஜ் ஏறத்தாழ 4 மணித்தியாலம் குளிராக இருக்கும். நிறைந்த ஃபிரீசர் 48 மணித்தியாலம், அரைவாசி நிறைந்தது 24 மணித்தியாலம். 4 பாகைக்கு மேல் இரண்டு மணித்தியாலத்துக்குக் கூடுதலாக இருந்த இறைச்சி, மீன், சோறு, கறி எல்லாம் போகட்டும். ஒரு கிழமைச் சமையல் போகிறதே என்ற மனவருத்தம் எனக்கு விளங்கும். அந்த நேரத்தில் வயிற்றோட்டம் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகவும் வழியிருக்காது.

இதைக் கட்டாயம் வாசியுங்கள். குளிருக்கும் சமையலுக்கும் என்று கரி அடுப்பையோ, பார்பிக்யூவையோ, காம்பிங் அடுப்பையோ வீட்டுக்குள் மூட்டவே கூடாது. கராஜுக்குள்ளும் கூடாது, கதவு திறந்திருந்தாலும் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலையிடியும் நித்திரையுமாகத்தான் தொடங்கும். 2013 உறைமழையின்போது ஒன்ராறியோவில் இப்படி உயிர் போனது. விறகடுப்பில் பழகிய எங்களுக்கு வீட்டுக்குள் நெருப்பு மூட்டுவது சாதாரணமாகத் தெரியும். ஊரில் குசினிக்குப் புகைபோக்கி இருந்தது, ஓட்டு இடுக்கால் காற்று வந்து போனது. இங்கே வீடு குளிருக்காக இறுக்கி அடைக்கப்பட்டது. சமைக்காமல் சாப்பிடக்கூடிய சாமானை வையுங்கள் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவது இதற்காகவும்தான்.

பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். 2013 ஜூலை 8 அன்று பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை பெய்தது, அதில் பெரும்பகுதி இரண்டே மணித்தியாலத்தில். பேஸ்மென்ற்றுகளுக்குள் வெள்ளம் வந்தது. சாமானை மட்டைப்பெட்டியில் நிலத்தில் வைக்காதீர்கள். மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டியில், இடுப்பளவு உயரத்தில் வையுங்கள். அப்பா அம்மாவுக்கு நீரிழிவு என்றால் பெட்டியில் சீனிச் சாமானைக் குறைத்து மீன், கடலை, கச்சானைக் கூட்டுங்கள். மருந்து ஒரு கிழமைக்காவது மிச்சம் இருக்க வேண்டும். இன்சுலினைக் கரண்ட் இல்லாமல் எத்தனை நாள் வைக்கலாம் என்பது வகைக்கு வகை மாறும், பார்மசியில் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். கையில் சில்லறையாகக் கொஞ்சக் காசும் வேண்டும். 2022 ஜூலை 8 அன்று ஒரு பெரிய தொலைத்தொடர்பு வலையமைப்பு நின்றபோது நாடு முழுவதும் டெபிட் அட்டைகள் வேலை செய்யவில்லை. கடை திறந்திருந்தது, சாமான் இருந்தது, காசு இல்லாதவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

வந்த புதிதில் காசு எவ்வளவு இறுக்கம் என்பது எனக்குத் தெரியும். ஒரே நாளில் வாங்க வேண்டாம். கிழமைச் சாமான் வாங்கும்போது மலிவு விலையில் போட்டிருக்கும் இரண்டு ரின், ஒரு பைக்கற் அவல், அடுத்த கிழமை ஒரு கட்டுத் தண்ணீர். மூன்று மாதத்தில் நிறைந்துவிடும். அதற்கும் வசதி இல்லையென்றால் 211 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அருகிலுள்ள உணவு வங்கி எது என்று சொல்வார்கள், தமிழில் பேச வேண்டும் என்று கேட்டால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. வீட்டில் சாப்பிடாத எதையும் பெட்டிக்குள் போடாதீர்கள். பிள்ளை சாதாரண நாளில் தொடாத பீன்ஸை இருட்டிலும் குளிரிலும் தொடாது.

பெட்டியை எப்போது சரிபார்ப்பது என்று அந்தத் தங்கச்சி கேட்டார். எங்கள் வீட்டில் தைப்பொங்கலும் ஆடிப்பிறப்பும்தான் கணக்கு, இரண்டுக்கும் நடுவே சரியாக ஆறு மாதம். ஒவ்வொரு பொருளிலும் வாங்கிய திகதியைக் கறுப்பு மார்க்கரால் பெரிதாக எழுதியிருக்கிறேன். பழையதை எடுத்துச் சமைத்துவிட்டுப் புதியதைப் பின்வரிசையில் வைப்போம். தைக்கு எடுத்த ரின்களெல்லாம் அந்த மாதமே கறியாகிவிடும். ஆடிக்கு எடுக்கும் வறுத்த பயறும் அரிசிமாவும் பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும் அன்றைக்கே ஆடிக்கூழ் ஆகும். போன வருடம் கூழ் காய்ச்சியபோது ஒரு சட்டி நிறைய மிஞ்சியது. இப்போது இரண்டு மாடி கீழே குடியிருக்கும் அந்தப் பிலிப்பினோ அம்மாவுக்கு மகள்தான் கொண்டுபோய்க் கொடுத்தாள்.