காலன் கணக்கில் சொன்ன மருந்தளவை லிட்டருக்கு மாற்றுவது எப்படி?

தோட்டக்காரன்:
அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் அச்சான தோட்டக்கலைக் கையேடு ஒன்றில், ஒரு காலன் தண்ணீருக்கு ஒரு திரவ அவுன்ஸ் வேப்பெண்ணெய் கலந்து தெளிக்குமாறு குறிப்பிட்டிருக்கிறார்கள். என்னிடம் இருப்பது 16 லிட்டர் தெளிப்பான். ஒரு காலன் நாலரை லிட்டர் என்று என் தந்தையார் சொல்லக் கேட்டிருப்பதால் அதன்படி கணக்கிட்டேன். ஒரு டேங்குக்கு ஏறத்தாழ 100 மி.லி. வந்தது. என் மைத்துனரோ 125 மி.லி. என்கிறார். எது சரி?

அளவுகோல்:
மைத்துனர் சொல்வதே சரி. தந்தையார் சொன்னதும் பிழையன்று. அவர் அறிந்தது 4.546 லிட்டர் கொண்ட பிரிட்டிஷ் காலன், மெட்ரிக் முறை வரும்வரை நம் நாட்டில் பெட்ரோல் அளந்ததும் அதில்தான். அமெரிக்கக் காலன் 3.785 லிட்டர்தான். ஆனி அரசியார் காலத்தில், 1707இல், 231 கன அங்குலம் என்று வரையறுத்த ஒயின் காலனையே அமெரிக்கர்கள் வைத்துக்கொண்டார்கள். பிரிட்டனோ 1824இல், 10 பவுண்டு தண்ணீர் கொள்ளும் புதிய காலனுக்கு மாறிவிட்டது.

கணக்கன்:
லிட்டருக்கு மாற்றாமலே விடை காணலாம். இரு நாட்டிலும் காலனுக்கு 8 பைண்ட். ஆனால் பைண்டுக்கு அமெரிக்காவில் 16 அவுன்ஸ், பிரிட்டனில் 20. ஆகவே உங்கள் கையேடு சொல்வது 128இல் ஒரு பங்கு, 16,000 மி.லி.யை 128ஆல் வகுத்தால் 125. பிரிட்டிஷ் நூலாக இருந்தால் 160ஆல் வகுத்து, நீங்கள் சொன்ன 100 வந்திருக்கும். அவுன்ஸை ஒரு நாட்டிலிருந்தும் காலனை இன்னொரு நாட்டிலிருந்தும் எடுத்தால் இரண்டுமே வராது. இணையத்தில் கிடைக்கும் மாற்று அட்டவணைகளைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

தோட்டக்காரன்:
மிக்க நன்றி. ஓர் அவுன்ஸுக்குப் பதிலாக இரண்டு மேசைக்கரண்டி என்றும் அதே பக்கத்தில் இருக்கிறது. வீட்டுக் கரண்டியால் அளக்கலாமா?

அளவுகோல்:
வேண்டாம். அமெரிக்க மேசைக்கரண்டி 14.8 மி.லி. என்பதால் கையேட்டின் கணக்கு ஒத்துப்போகிறது. ஆஸ்திரேலியாவில் அதே பெயருக்கு 20 மி.லி., நம் வீட்டுக் கரண்டிகளுக்கோ வரையறையே இல்லை. தராசில் நிறுத்தும் எடுக்காதீர்கள்: எடை அவுன்ஸ் வேறு, எண்ணெயும் தண்ணீரைவிட இலேசானது. கோடு போட்ட அளவுக் குடுவை இல்லையென்றால், 250 மி.லி. எண்ணெய்ப் புட்டி ஒன்றை வாங்கி, இரண்டு டேங்குகளுக்குச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.