பாய்சன் ஓக் (கலிஃபோர்னியா காட்டுப் பக்கம் வளர்ற, தோல்ல பட்டா அரிச்சுக் கொப்புளம் போடுற செடி) பட்டவங்க சொல்லுங்க: என்ன செஞ்சீங்க, எது கேட்டுச்சு?

சான் ஹோசேயிலிருந்து:
ரெண்டு வருஷம் முன்னாடி மே மாசம், காசில் ராக் பூங்கா பக்கம் குடும்பமா நடக்கப் போனோம். பையனோட பந்து புதருக்குள்ள போயிடுச்சு. முழங்கை வரைக்கும் கையை விட்டு எடுத்தது நான்தான். மூணு மூணா இலை, எண்ணெய் தடவின மாதிரி பளபளப்பு, ஓரத்துல செவப்பு. அன்னைக்கு ஒண்ணும் தெரியலை. மூணாம் நாள் காலையில கையில சாட்டையால இழுத்த மாதிரி ஒரு கோடு. சாயங்காலம் அந்தக் கோடு பூரா கடுகு கடுகா நீர்க்கொப்புளம்.

அம்மா ஊர்லேர்ந்து வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சுப் போடச் சொன்னாங்க. உடைஞ்ச கொப்புளத்துல பட்டதும் காந்தல் தாங்கலை, உடனே கழுவிட்டேன். சுடுதண்ணி ஊத்தினா அந்த நிமிஷம் இதமா இருக்கும், ராத்திரி அரிப்பு பிடுங்கிடும். எனக்குக் கேட்டது ஐஸ் தண்ணியில நனைச்ச பருத்தித் துணி, கேலமைன் லோஷன், அப்புறம் ஓட்ஸ். ஓட்ஸை மிக்சியில நைஸா அரைச்சு வெதுவெதுப்பான தண்ணியில கலக்கணும். தண்ணி பால் மாதிரி ஆகணும். அடியில தங்கினா இன்னும் அரைக்கணும். அதுல 15 நிமிஷம் கையை ஊற வெச்சாதான் தூக்கமே வந்துச்சு. முழுசா ஆற 18 நாள் ஆச்சு.

சான்டா குரூஸிலிருந்து:
அக்கா, நான் காட்டுக்குள்ள காலே வைக்கலை. நாய்தான் போய்ப் புரண்டுட்டு வந்துச்சு. அதைக் கட்டுற வாரைப் பிடிச்சதுல எனக்கு ரெண்டு கையும் போச்சு. இதுக்கெல்லாம் காரணம் உருஷியால்ங்கிற எண்ணெய். ஷூ, வார், கத்தரிக்கோல்னு எதுல ஒட்டினாலும் மாசக்கணக்கா, ஏன், வருஷக்கணக்காகூட வீரியம் போகாது. கொப்புளத்துத் தண்ணியால பரவுதுன்னு பயப்படாதீங்க, அதுல அந்த எண்ணெய் இல்லை.

பட்ட பத்து நிமிஷம், மிஞ்சிப்போனா அரை மணிக்குள்ள கழுவணும். வெறும் தண்ணி போதாது. எண்ணெய்ச் சட்டி கழுவுற மாதிரி பாத்திர சோப்புப் போட்டு, துணியால அழுத்தித் தேய்ச்சு, குளிர்ந்த தண்ணியில அலசி, இதையே மூணு தடவை செய்யணும். நகக்கண்ணை மறந்துடாதீங்க. போட்டிருந்த துணியைத் தனியாத் துவைங்க. குளிர்காலத்துல இலை உதிர்ந்து மொட்டைக் குச்சியா நிக்கும், அதுலயும் எண்ணெய் இருக்கு. வெட்டினதைத் தயவுசெஞ்சு எரிச்சிடாதீங்க. அந்தப் புகை நெஞ்சுக்குள்ள போனா உயிருக்கே ஆபத்து.

ஃப்ரீமாண்டிலிருந்து:
எனக்குச் சொந்த ஊர் பண்ருட்டிப் பக்கம். முந்திரிக்கொட்டை உடைக்கிறவங்க, அதோட எண்ணெய் பட்டுத் தோல் புண்ணாகாம இருக்கக் கையில சாம்பலைப் பூசிக்கிறதைச் சின்ன வயசுலயே பார்த்திருக்கேன். முந்திரி, மா, சேராங்கொட்டை, இந்த பாய்சன் ஓக் எல்லாம் ஒரே குடும்பம்னு இங்க வந்துதான் தெரிஞ்சுது.

போன வருஷம் என் மகளுக்கு முகத்துல வந்து, கண்ணு ரெண்டும் வீங்கி மூடிடுச்சு. அந்த நிலைமையில வீட்டு வைத்தியம் பார்த்துட்டு உட்காராதீங்க, உடனே டாக்டர்கிட்ட ஓடுங்க. எங்களுக்கு முதல்ல அஞ்சு நாளைக்குத்தான் ஸ்டீராய்டு மாத்திரை குடுத்தாங்க. நிறுத்தின மறுநாளே பழையபடி வீங்கிடுச்சு. ரெண்டாவதா பார்த்த டாக்டர் மூணு வாரத்துக்கு எழுதி, கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுத்தான் நிறுத்தினார்.

மாம்பழத் தோல்லயும் உருஷியால் மாதிரியே அரிப்பு குடுக்கிற பொருள் இருக்குன்னு அவர்தான் சொன்னார். இப்பல்லாம் பழத்தை நானே தோல் சீவி, கையைக் கழுவிட்டு, துண்டு போட்டுத்தான் அவளுக்குக் குடுக்கிறேன்.