மறு: ‘வைக்கோல் பொம்மை’ வாதம் – தமிழ்ச்சொல்

> ஆங்கிலத்தில் straw man என்பார்கள்: எதிராளி சொல்லாததைச் சொன்னதாக வைத்து வெட்டிப்போடும் வாதம். அதை ‘சோளக்கொல்லைப் பொம்மை வாதம்’ என்று சொன்னால் என்ன?

அண்ணாச்சி, கொல்லைப் பொம்மை பறவையை விரட்ட நிற்பது. இந்தப் பொம்மை அடிவாங்க நிற்பது. உவமை பொருந்தவில்லை.

பிழை எங்கே நுழைகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வருவோம். குமரி மாவட்டத்துக் கீரிப்பாறைப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுகிறவருக்கும் சூப்பர்வைசருக்கும் நடந்த பேச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“பட்டை நனைஞ்சிருக்கு, இன்னைக்கு வெட்டாண்டாம்.”
“அப்போ மழை முடியுற வரைக்கும் வேலையே வேண்டாம்னா சொல்லுதீரு?”

பால்வெட்டுகிறவர் சொன்னது ஒரு நாளைப் பற்றி, ஒரு காரணத்தோடு. நனைந்த பட்டையில் வெட்டினால் பால் சிரட்டைக்கு வராமல் மரத்தோடு வழிந்து போகும். வெட்டின இடத்தில் பூஞ்சை பிடித்துப் பட்டை அழுகும். சூப்பர்வைசரின் பதிலில் ‘இன்னைக்கு’ மழைக்காலம் முழுவதுமாகப் பெருத்தது, காரணம் உதிர்ந்தே போனது. பெரும்பாலும் இந்த இரண்டும் சேர்ந்துதான் நடக்கும். “ரெயின் கார்டு (வெட்டுமேல் மழைநீர் இறங்காமல் கட்டும் மறைப்பு) கட்டின மரத்தை வெட்டலாம், கட்டாததைத்தான் விடச் சொன்னேன்” என்று பால்வெட்டுகிறவர் சொன்னால் பேச்சு பழைய இடத்துக்கு வந்துவிடும். வேலைசெய்ய மனசில்லையா என்ற சண்டையில் இறங்கினால் பொம்மைக்கு உயிர் கொடுத்த மாதிரி.

“நாளைக்கும் நனைஞ்சிருந்தா என்ன செய்ய?” என்று சூப்பர்வைசர் கேட்டிருந்தால் பிழையில்லை. அது நியாயமான கேள்வி.

இனிச் சொல். நியாயம் என்ற பழைய இந்தியத் தருக்க நூலார் பேச்சைத் திரிப்பதைச் ‘சலம்’ என்று மூன்றாகப் பிரிப்பர். ‘நவ’ என்றால் புது, ஒன்பது என்று இரண்டு பொருள்; ‘நவகம்பளம்’ என்றவர் புதுக் கம்பளியைச் சொல்ல, ஒன்பது கம்பளி எங்கே என்று மடக்குவது அதில் ஒன்று. குறள் 660-இல் ‘சலத்தால்’ என்று வஞ்சனைப் பொருளில் வருகிறது. ஆனால் இன்றைக்குச் சலம் என்றால் சீழ்தான் நினைவுக்கு வரும். ‘திரிவாதம்’ என்பதும் ஆகாது. எந்தப் பிழையில்தான் திரிப்பு இல்லை?

மணிமேகலை 29-ஆம் காதையில் பக்கப் போலி (நிறுவ வந்த கூற்றில் பிழை) 9, ஏதுப் போலி (காட்டும் காரணத்தில் பிழை) 3 என்று கணக்கு இருக்கிறது. அந்த அச்சிலேயே எதிர்க்கூற்றுப் போலி என்று வார்க்கலாம்.

---

> எதிர்க்கூற்றுப் போலி

இலக்கணத்தில் போலி என்றால் பந்தல்–பந்தர். எழுத்து மாறினாலும் பொருள் மாறாது. இங்கே பொருள்தானே மாறுகிறது? குழப்பாதா?

---

குழப்பாது. தருக்கத்தில் போலி என்பது மெய்போலத் தோன்றும் பொய். கடைத்தெருவில் ‘போலி’ என்றாலும் அதுதான் பொருள். எதிராளியின் கூற்றுக்குப் போலி செய்வது என்று பிரித்தாலும் சரியாகவே வருகிறது.

ஒன்று பாக்கி. எதிர்த்தரப்பில் யாரோ ஒருவர் உண்மையிலேயே உளறியதை எடுத்து, அதுதான் மொத்தப் பேரின் கருத்து என்று அடிப்பது. அங்கே கூற்று போலியில்லை, ஆள்தேர்வுதான் கோளாறு. அதை இதில் அடக்காமல் தனிச்சொல் பார்ப்போம்.