நிணநீர் நாளங்களைக் கண்டறிய ஏன் இத்தனை காலம் ஆயிற்று?

செங்காந்தள் கேட்டது:

சென்ற மாதம் என் தாயாருக்கு மார்பகப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சை நடந்தது. அறுவைக்குச் சற்று முன்பு மார்பகத்தில் நீலச் சாயம் ஒன்றை ஊசி மூலம் செலுத்தினார்கள். அந்த நீலம் அக்குளில் முதலில் போய்ச் சேரும் நிணநீர்க் கணுவை மட்டும் எடுத்துச் சோதித்து, அதில் புற்றணுக்கள் இல்லை என்று தெரிந்ததும் மற்றக் கணுக்களைத் தொடாமல் விட்டுவிட்டார்கள். மறுநாள் சிறுநீர் நீலப் பச்சையாகப் போனதைக் கண்டு அம்மா பதறிப்போனார். சாயம்தான் வெளியேறுகிறது என்று செவிலியர் விளக்கிய பிறகே அவருக்கு உயிர் வந்தது.

அன்று மருத்துவர் சொன்ன ஒரு வாக்கியம் என் மனத்தில் நின்றுவிட்டது: "சாயம் போடாவிட்டால் இந்த நாளங்கள் எங்கள் கண்ணுக்கே தெரியாது." உடல் முழுவதும் பரவியிருக்கும் ஒன்று, உடலைத் திறந்து பார்ப்பவருக்கும் தெரியாது என்றால், முதன்முதலில் அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? சி.டி., எம்.ஆர்.ஐ. எல்லாம் வந்த பிறகும் ஏன் இன்னும் சாயத்தையே நம்பியிருக்கிறோம்? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழைய ஏடு எழுதியது:

அம்மா நலமாகத் தேறி வருவார் என்று நம்புகிறேன், சகோதரி. மருத்துவக் கல்லூரியில் பல ஆண்டுகள் உடற்கூறியல் கற்பித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் மருத்துவர் சொன்னது முற்றிலும் உண்மை. திசுக்களில் கசியும் நீரைத் திரட்டி மீண்டும் இரத்தத்தில் சேர்க்கும் குழாய்களே நிணநீர் நாளங்கள்; வழியில் அந்த நீரை வடிகட்டும் சிறு முடிச்சுகளே கணுக்கள். மார்பு நிணநீர் நாளம் உடலிலேயே மிகப் பெரிய நிணநீர்க் குழாய். அதன் நீளம் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர். அப்படியிருந்தும், பிணத்தை அறுத்துப் படிக்கும் மாணவர்களில் பெரும்பாலோர் அதைக் கொழுப்பு இழை என்று எண்ணி வெட்டிவிடுவார்கள். முதுகெலும்பின் முன்னால், பெருந்தமனிக்குப் பக்கத்தில், வெளுத்துத் துவண்ட நூலைப் போலக் கிடக்கும் அதை நானே விரலால் தூக்கிக் காட்டிய பிறகுதான் நம்புவார்கள். இரத்தக் குழாய்க்குச் சிவப்பு என்னும் அடையாளம் இருக்கிறது; நிணநீருக்கு நிறம் இல்லை, சுவரோ மிக மெல்லியது, உயிர் பிரிந்ததும் சுருங்கி ஒட்டிக்கொள்கிறது. இந்தத் துறையின் வரலாறு முழுவதையும் நிறமற்ற ஒன்றுக்கு நிறம் தேடிய வரலாறு என்றே நான் கருதுகிறேன்.

முதல் நிறத்தை இயற்கையே கொடுத்தது. 1622 ஜூலை 23 அன்று வட இத்தாலியில் காஸ்பரே அசெல்லி என்னும் அறுவை மருத்துவர், நண்பர்கள் சிலருக்கு உதரவிதானத்தின் அசைவைக் காட்டுவதற்காக உயிருள்ள நாயொன்றின் வயிற்றைத் திறந்தார். அது சற்று முன்புதான் நன்றாக உண்டிருந்தது. குடலை ஒதுக்கியபோது, குடல்தாங்கிச் சவ்வில் வெள்ளை வெளேரென்று எண்ணற்ற மெல்லிய இழைகள் ஓடுவதைக் கண்டு முதலில் நரம்புகள் என்றே நினைத்தார். ஐயம் தீர ஒன்றைக் கத்தியால் கீறியதும் பால் போன்ற திரவம் பீறிட்டது. அடுத்து உண்ணாத நாயொன்றை அறுத்துப் பார்த்தபோது அந்த இழைகள் தென்படவே இல்லை. உணவிலுள்ள கொழுப்பைக் குடலிலிருந்து ஏந்திச் செல்லும்போது மட்டுமே இந்த நாளங்கள் பால் நிறம் கொள்கின்றன என்பதை, அந்த இரண்டு நாய்களையும் ஒப்பிட்டதால்தான் அவர் உணர்ந்தார். அவர் மறைந்த பிறகு, 1627இல், மிலான் நகரில் வெளியான அவருடைய நூலில் இந்த நாளங்களை வண்ண மரச்செதுக்குப் படங்களாக அச்சிட்டார்கள். உடற்கூறியல் நூலொன்றில் படங்களை வண்ணத்தில் அச்சிட்டது அதுவே முதல் முறை. கண்டுபிடிப்பே நிறத்தைப் பற்றியது என்பதால் கறுப்பு மை மட்டும் போதவில்லை.

ஆனால் அந்தப் பால் கல்லீரலுக்குச் செல்கிறது என்றே அசெல்லி நம்பினார். உணவை இரத்தமாக்குவது கல்லீரல் என்பது பண்டைய கிரேக்க மருத்துவர் கேலன் காலத்திலிருந்து வந்த கொள்கை. அதை உடைத்தவர் பிரான்ஸ் நாட்டின் ஜான் பெக்கே. நாயின் இதயத்தை அகற்றிய இடத்தில் பெருஞ்சிரையிலிருந்து வெண்ணிறத் திரவம் வருவதைப் பார்த்துச் சீழ் என்று முதலில் நினைத்த அவர், அதன் தடத்தைப் பின்தொடர்ந்து, அது மார்பு நிணநீர் நாளத்தின் வழியே மேலேறிக் கழுத்தடிச் சிரையில் கலக்கிறது என்று 1651இல் எழுதினார். உடலின் மற்றப் பகுதிகளிலும் தெளிந்த நீர் ஓடும் இதே வகை நாளங்கள் உண்டு என்பதை ஸ்வீடனின் ஓலாஃப் ருட்பெக்கும் டென்மார்க்கின் தாமஸ் பார்த்தோலினும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கண்டார்கள். 1652இல் ஸ்வீடன் அரசி கிறிஸ்டினாவின் முன்னிலையில் இதைச் செய்து காட்டியபோது ருட்பெக்குக்கு வயது 21. முந்தியவர் யார் என்ற பூசல் நெடுநாள் நீடித்தது. பெயர் வைத்தவர் பார்த்தோலின். அவர் எடுத்த லத்தீன் சொல்லுக்குத் தெளிந்த நீர் என்று பொருள். நம் 'நிணநீர்' என்ற சொல்லில் உள்ள நிணம் கொழுப்பைக் குறிப்பது. அந்த வகையில் தமிழ்ச் சொல் அசெல்லி கண்ட பாலுக்கே நெருக்கமாக இருக்கிறது.

பால் நிறம் குடலுக்கு மட்டுமே உதவும். கைகால்களுக்கு வேறு வழி வேண்டியிருந்ததால் பாதரசத்தைப் புகுத்தினார்கள். வெள்ளி போல் மின்னுவதாலும், தன் எடையாலேயே மிக நுண்ணிய கிளைகளுக்குள் இறங்குவதாலும் அது பயன்பட்டது. நாளங்களுக்குள் ஒருவழி வால்வுகள் இருப்பதால் விரல் நுனிப் பக்கத்திலிருந்துதான் செலுத்த வேண்டும். 1787இல் சியெனா நகரின் பாவோலோ மஸ்காஞ்ஞி இவ்வாறு மனித உடல் முழுவதன் நிணநீர் வரைபடத்தையும் வெளியிட்டார். அந்தப் படங்களில் இருக்கும் பொறுமையை எண்ணினால் இன்றும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. குறையும் உண்டு: அழுத்தம் கூடினால் பாதரசம் நாளத்தைக் கிழித்துக்கொண்டு திசுக்களின் இடைவெளிகளில் ஓடி, இல்லாத நாளங்களை இருப்பதாகக் காட்டிவிடும்.

கதிர்ப்பட அறை எழுதியது:

ஐயா எழுதியதற்கு மேல் வரலாறு சொல்ல எனக்குத் தகுதி இல்லை. உங்கள் இரண்டாவது கேள்விக்கு, கதிர்ப்படப் பிரிவில் பணியாற்றுபவன் என்ற முறையில் விடை தருகிறேன். பாதரசத்தைப் பிணத்தில்தான் செலுத்த முடியும். உயிருள்ள மனிதரில் நிணநீர் நாளங்களை எக்ஸ்ரேயில் காட்டும் முறையை 1950களின் தொடக்கத்தில் லண்டனைச் சேர்ந்த ஜான் கின்மந்த் உருவாக்கினார். கால்விரல்களின் இடுக்கில் நீலச் சாயத்தைச் செலுத்தி, சிறிது நேரம் கழித்துப் புறங்காலில் தோலைச் சற்றே கீறினால், நீலக்கோடு போல ஒரு நாளம் தெரியும். தலைமுடியைவிடச் சற்றுத் தடித்த அந்தக் குழாய்க்குள் நுண்ணிய ஊசியை நுழைத்து, எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைச் செலுத்த வேண்டும். பின்னாளில் இதற்குக் கசகசா எண்ணெயில் அயோடினைச் சேர்த்துச் செய்த லிப்பியோடால் வழக்கமாயிற்று. அது கெட்டியானது என்பதால் சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்ற முடியும். கணுக்களின் படத்தை மறுநாள் எடுப்பார்கள். நிணநீர் மண்டலத்தில் வரும் புற்றான ஹாட்ஜ்கின் நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று அறிய ஒரு காலத்தில் இதையே நம்பியிருந்தார்கள்.

சி.டி. வந்ததும் அந்தப் பழக்கம் அருகியது. ஆனால் சி.டி.யில் தெரிவது வீங்கிய கணுதான். எந்த நாளம் எந்தக் கணுவில் போய்ச் சேருகிறது என்ற வழி அதில் தெரியாது. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுவதை நம் பாட்டிமார்கள் அறிந்திருந்தார்கள் அல்லவா? உங்கள் தாயாரின் மருத்துவர் தேடியதும் அந்த உறவைத்தான்: மார்பகத்தின் அந்த இடத்திலிருந்து வடியும் நீர் முதலில் நெறி கட்டச் செய்யக்கூடிய கணு எது? தோலின் மெலனோமா புற்றுக்கு நீலச் சாயத்தால் இதைக் கண்டறியும் முறையை 1992இல் டொனால்ட் மார்ட்டன் குழுவினர் வெளியிட்டனர். மார்பகத்துக்கு டேவிட் கிராக் 1993இல் கதிரியக்கப் பொருளையும், அர்மாண்டோ ஜூலியானோ 1994இல் நீலச் சாயத்தையும் பயன்படுத்தினர். அதற்கு முன்பு அக்குள் கணுக்களை மொத்தமாக எடுப்பதே வழக்கம். கை வீக்கத்தோடு வாழ்நாள் முழுதும் அவதிப்பட்டவர்கள் அநேகர்.

நெய்தல் எழுதியது:

மேலே சொன்ன மஸ்காஞ்ஞியைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. மூளையைப் போர்த்தும் உறையிலும் நிணநீர் நாளங்கள் இருப்பதாக அவர் அன்றே எழுதினார், எவரும் ஏற்கவில்லை. மூளைக்கு நிணநீர் மண்டலம் இல்லை என்றே பாடநூல்கள் கூறிவந்தன. 2015இல் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்திலும் ஹெல்சிங்கியிலும் தனித்தனியே இரு குழுவினர் எலிகளில் அவற்றைக் கண்டார்கள். வர்ஜீனியாவில், உறையை மண்டையோட்டிலிருந்து பிரிப்பதற்கு முன்பே, அது ஒட்டியிருக்கும் நிலையிலேயே பதப்படுத்தி, பிறகு முழுத்தாளாக உரித்தெடுத்ததால் நாளங்கள் சிதையாமல் நின்றன. 2017இல் எம்.ஆர்.ஐ. மூலம் மனிதரிலும் காட்டினார்கள். அந்த ஆய்வில் எம்.ஆர்.ஐ. படத்தில் ஒளிரும் இரண்டு மருந்துகளை ஒப்பிட்டார்கள். ஒன்று உறையிலுள்ள இரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து நிணநீரில் சேரக்கூடியது. மற்றொன்று இரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு குழாய்க்குள்ளேயே நிற்பது. முதலாவதில் மட்டும் ஒளிர்ந்தவை நிணநீர் நாளங்கள். அசெல்லியின் உண்ட நாயும் உண்ணாத நாயும் எனக்கு உடனே நினைவுக்கு வந்தன.

செங்காந்தள் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கசகசா எண்ணெயைக் கேட்டு வியந்தார். ஒரு சிறு ஐயம்: பிற்காலத்தில் கை வீங்கினால் நாளங்களைப் பார்க்க இன்று என்ன வழி இருக்கிறது?

கதிர்ப்பட அறை எழுதியது:

ஒரே ஒரு கணுவை எடுத்தவர்களுக்கு வீக்கம் வரும் வாய்ப்பு குறைவுதான், அம்மா அஞ்ச வேண்டாம். வந்தால் இரண்டு வழிகள் உண்டு. விரலிடுக்கில் டெக்னீசியம் என்னும் கதிரியக்கப் பொருள் கலந்த நுண்துகள்களைச் செலுத்தி, கதிரியக்கத்தைப் படமாக்கும் காமா கேமராவில் அது ஏறிச் செல்வதைப் பார்ப்பது ஒன்று. அந்தக் கதிரியக்கம் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும். மற்றொன்று, இண்டோசயனின் கிரீன் என்னும் சாயம். கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியில் அது ஒளிரும், கத்தியே வேண்டாம். நன்றாக இயங்கும் நாளம் திரையில் நேரான கோடாகத் தெரியும். விட்டுவிட்டுச் சுருங்கி நிணநீரை மேலே தள்ளுவதைக்கூட அப்போதே பார்க்கலாம். அடைபட்டிருந்தால் நீர் தோலுக்குப் பின்வாங்கி, கோடு கலைந்து புகை படிந்தாற்போலப் பரவும். கோடாகத் தெரியும் இடங்களை அறுவை மருத்துவர் தோலின் மேல் பேனாவால் வரைந்துகொள்வார். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அந்த நாளத்தை அருகிலுள்ள சிறு சிரையோடு நுண்ணோக்கியின் கீழ் இணைத்துத் தைப்பதற்கு அந்தக் கோடுதான் வழிகாட்டி.