லலிதா சகஸ்ரநாமம்: தமிழ் எழுத்தில் கற்பது

டர்பன் அன்பர்:
வணக்கம். எங்கள் பெண்கள் குழு வெள்ளிதோறும் லலிதாம்பிகையின் ஆயிரம் நாமங்களைச் சொல்லும் சமஸ்கிருதத் துதியான லலிதா சகஸ்ரநாமம் கற்கிறது. தமிழ்ப் புத்தகத்தில் க, த, ப ஆகியவற்றின் அருகில் உள்ள 2, 3, 4 என்ற எண்களை எப்படி ஒலிப்பது?

பீட்டர்மாரிட்ஸ்பர்க் அன்பர்:
அம்மா, எண்ணில்லாத க 'கல்'லில் வருவது. அதையே மூச்சழுத்தத்துடன் சொன்னால் 2. 'தங்கம்' என்பதில் வரும் ககர ஒலி 3, அதனுடன் மூச்சும் சேர்ந்தால் 4. ஒலி மாறினால் பொருளும் மாறக்கூடும் என்பதால் முதலில் இதையே பழகுங்கள்.

ஃபீனிக்ஸ் அன்பர்:
மூச்சு விடும் இடமும் முக்கியம். இந்தத் துதி அமைந்துள்ள அனுஷ்டுப் என்ற சமஸ்கிருதச் செய்யுள் அளவில் அடிக்கு 8 அசைகள் (ஒவ்வொன்றிலும் ஓர் உயிரொலி). ஆனால் 'சம்பகாசோக புன்னாக சௌகந்திக லஸத்கசா' என்ற 16 அசைகளும் சேர்ந்து ஒரே நாமம், ஆகவே இடையில் நிறுத்தாதீர்கள். வேகம் பிறகு தானாக வரும்.

டர்பன் அன்பர்:
மிக்க நன்றி. வரும் வெள்ளி தியான சுலோகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, எண்களைப் பார்த்து நிதானமாகச் சொல்லிப் பழகுகிறோம்.