ஊருக்கு ஒரு பொதுப் பலகை: எஸ்டிஎஃப் மாதிரி நாமும் ஓட்டலாமா?

வாவிமீன்:
வெள்ளம் வடிய வாவி முகத்துவாரம் வெட்டியாச்சா எண்டு போன மாரியில வாட்ஸ்அப் குழுக் குழுவா கேட்டுக் களைச்சுப் போனம். "வெட்டியாச்சு" எண்டு ஒரு வொய்ஸ் சுத்திச்சு. அது முந்தின வருசத்து வொய்ஸ்! அதான் கேக்கிறன், திகதியோட எழுத்து மட்டும் நிக்கிற ஒரு கணினி அறிவிப்புப் பலகையை ஊரவரே நடத்தினா என்ன? அமெரிக்காவில எஸ்டிஎஃப் எண்டு, ஆக்கள் தூரத்தில இருந்து நுழைஞ்சு கட்டளை அடிச்சு எழுதி வாசிக்கிற ஒரு பொதுக் கணினி இருக்கு. அது 1987இல் அனிமே ரசிகர்களுக்காக ஒரு ஆப்பிள் டூ ஈ கணினியில தொடங்கினது. பிறகு யுனிக்ஸ் எண்ட இயங்குதளத்துக்கு மாறி, இண்டைக்கும் உறுப்பினர் காசில ஓடுது.

கல்லடிப்பாலம்:
மச்சான், வாழைச்சேனையில வலை பொத்துற மனிசன் கறுப்புத் திரையில கட்டளை அடிப்பாரா? அதுவும் தமிழில? டெர்மினல்ல 'கொ' அடிச்சுப் பார், கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் நிக்கும்.

வாவிமீன்:
கறுப்புத் திரை கட்டாயமில்ல, அதே பதிவை பிரவுசரிலயும் காட்டலாம். வெறும் எழுத்து, சிக்னல் குறைஞ்ச இடத்திலயும் திறக்கும். 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் எண்டு பல தரம் சமூக ஊடகத்தை முடக்கினாங்க. நமக்கெண்டு ஒரு இடம் இருந்துதா?

கல்முனைக்_காக்கா:
2018ஐ இழுத்தபடியால கேக்கிறன் தம்பி. சாப்பாட்டில மலட்டு மாத்திரை எண்டு ஒரு கதை கிளம்பித்தான் அம்பாறையில கடையையும் பள்ளிவாசலையும் உடைச்சாங்க. அது வெறும் மாக்கட்டி எண்டு அரச பகுப்பாய்வாளர் சொல்லக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. அப்படி ஒண்டை உங்கட பலகையில இரவு ரெண்டு மணிக்கு ஒருத்தன் போட்டா, எழும்பி அழிக்கிறது ஆரு? 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், அதான் ஒன்லைன் பதிவுக்கான சட்டம், வேற இரிக்கு. எழுதினவன் ஒளிப்பான், நடத்தினவனைத்தான் தேடி வருவாங்க.

வாவிமீன்:
நியாயமான கேள்வி காக்கா. எஸ்டிஎஃபில புதுசா வாறவருக்குக் கொஞ்சக் கட்டளைதான் கிடைக்கும். ஒரு டொலரைத் தபாலில அனுப்பித் தன்னை உறுதிப்படுத்தினாத்தான் இன்னும் கொஞ்சம் திறக்கும். காசு பெரிசில்ல, பொய்ப் பேரில நூறு கணக்குத் திறக்கிறவனுக்கு அந்த அலைச்சலே போதும். நாமும் அப்படி ஒரு வாசல் வைப்பம். பாக்கிறதுக்குக் காத்தான்குடியில ஒராள், ஆரையம்பதியில ஒராள்.

அரசடி_வாத்தியார்:
சிக்காகோவில வார்ட் கிறிஸ்டென்சன், ராண்டி சூஸ் எண்ட ரெண்டு கணினி ஆர்வலர் முதல் கணினிப் பலகையை 1978 பெப்ரவரியில திறந்தவங்க. பனிப்புயலில வீட்டுக்குள்ள அடைபட்ட நேரம் தொடங்கின வேலை. அந்த வருசம் நவம்பர் 23 மட்டக்களப்பில அடிச்ச சூறாவளியைப் பற்றி நமக்குச் சொல்லத் தேவையில்ல. அவங்களுக்கு ஒரே ஒரு ரெலிபோன் லைன், ஒருத்தர் வெட்டினாத்தான் மற்றவர் நுழையலாம். அதால சண்டையும் மெதுவாத்தான் நடந்திருக்கும்!

படுவான்கரைப்_பொடியன்:
இங்கால கரண்ட் போனா கொஞ்சத்தில டவரும் போயிரும். மறுகா உங்கட பலகையை எதில வாசிக்கிற?

வாவிமீன்:
அதுக்கு என்னட்ட மருந்தில்ல. சேர்வருக்கு பற்றரி வைக்கலாம், டவருக்கு வைக்கேலாது.

கல்முனைக்_காக்கா:
நான் இன்னும் எதிர்ப்புத்தான். இரவுக்கு ஆரு பாக்கிற எண்டு முதல்ல ஒரு பட்டியல் போடுங்க, பிறகு கதைப்பம்.

வாவிமீன்:
அதுவரைக்கும் அறிவிப்பு மட்டும் போடுவம், பதில் எழுதுறதைப் பூட்டி வைப்பம்.

கல்லடிப்பாலம்:
பூட்டினா அது பிரதேச சபை நோட்டீஸ் போட் மச்சான். அது ஏற்கெனவே சுவரில தொங்குது, ஆரும் பாக்கிறதில்ல.