பழைய தேக்கு நாற்காலியைப் புதுப்பிக்கணும், வீட்டில் பூனையும் நாயும் இருக்கு: எதைப் பூசலாம், எந்தச் செடி வைக்கலாம்?

மேற்குபால்கனி கேட்டது:

வணக்கம். வீட்டில் கை வைத்த பழைய தேக்கு நாற்காலி இரண்டு இருக்கு. உட்காரும் இடம் பிரம்புப் பின்னல். ஒன்றில் பின்னல் நடுவில் கிழிஞ்சிருச்சு, இன்னொன்று கிழியலை, தொய்ஞ்சு தொட்டில் மாதிரி ஆயிருச்சு. பாலிஷில் அங்கங்கே வெள்ளைத் திட்டு. ஒரு பின்னங்காலில் ஊசி நுழையுற அளவுக்குச் சின்னச் சின்ன ஓட்டை, கீழே மாவு மாதிரி தூள் கொட்டுது. கூடவே பச்சை எனாமல் அடிச்ச மூணு தட்டு மர ஸ்டாண்டு ஒன்று. ரொம்பப் பழசு, பெயின்ட் உரியுது. அதைப் பால்கனியில் செடி வைக்கப் பயன்படுத்தலாம்னு எண்ணம். பால்கனி மேற்கு பார்த்தது, மதியத்துக்கு மேல் நல்ல வெயில்.

சிக்கல் என்னன்னா, பூனை பிரம்பைப் பிறாண்டும், தொட்டி மண்ணைத் தோண்டும். நாட்டு நாய் எது கிடைத்தாலும் மெல்லும். கடையில் "கரையான் மருந்து அடிச்சு மெலமைன் பாலிஷ் போட்டுருங்க"ன்னு சொல்றாங்க. இந்த இரண்டுக்கும் ஆபத்தில்லாமல், கையாலேயே, குறைந்த செலவில் செய்ய வழி சொல்லுங்க.

தச்சுப்பட்டறை எழுதியது:

முதல்ல என்ன பாலிஷ்னு பாருங்க. சீட்டுக்கு அடியில, கண்ணுக்குத் தெரியாத இடத்துல, பாலிஷ் ஸ்பிரிட் நனைச்ச பஞ்சை அரை நிமிஷம் வெச்சு அழுத்துங்க. பிசுபிசுன்னு இளகி, பஞ்சுல பழுப்பு ஒட்டினா அது அரக்கு பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாம தின்னருக்கு இளகினா லாக்கர்னு சொல்ற பூச்சு. ரெண்டுக்கும் அசையலைன்னா மெலமைனோ பி.யூ.வோ (பாலியூரிதேன் பூச்சு). பழைய தேக்குச் சாமான்ல வெள்ளைத் திட்டுன்னாலே பெரும்பாலும் அரக்குதான். ஈரம் பட்டா அரக்கு வெளுக்கும்.

அரக்கா இருந்தா முழுசா சுரண்டவே வேணாம். அரக்குக்கு உள்ள பெரிய நன்மை அது: புது கோட்டு பழைய கோட்டைக் கரைச்சு அதோட ஒண்ணாயிடும். சோப்புத் தண்ணி துணியைப் பிழிஞ்சு அழுக்கைத் துடைச்சு, காய வெச்சு, 320 உப்புத்தாளால மரத்தோட ரேகை போற திசையிலேயே லேசா தேய்ங்க. வெள்ளைத் திட்டு மேல ஸ்பிரிட் துணியை ஒரே வீச்சா இழுத்தா பாதி மறையும். அப்புறம் அரக்குச் செதில் 75 கிராமை அரை லிட்டர் ஸ்பிரிட்ல போட்டு, கண்ணாடி பாட்டில்ல ராத்திரி முழுக்க ஊற வெச்சு, பழைய வேட்டித் துணியில வடிகட்டுங்க. பஞ்சை வெள்ளைத் துணியில பொட்டலமா கட்டி, அதுல நனைச்சு மெல்லிசா 6 முதல் 8 கோட்டு. கை நிக்கவே கூடாது. நின்ன இடத்துல துணி ஒட்டி கீழ் கோட்டையும் பிடுங்கிடும். மழை ஈரம் இருக்கிற நாள்ல தொடவே தொடாதீங்க, காயும்போதே பால் மாதிரி பூத்துடும்.

காய்ஞ்ச அரக்கு நாய் நக்கினாலும் கெடுதி இல்லை; மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் மேல் பூச்சா போடுறதே அரக்கைத்தான். ஆனா ஸ்பிரிட் விஷம். காயுற வரைக்கும் ரெண்டையும் வேற அறையில அடைங்க. இந்த நாற்காலி ரெண்டையும் பால்கனியில போடாதீங்க. அரக்கு வெயிலும் சாரலும் தாங்காது.

அந்தத் தூள் விஷயம்: கரையான் இல்லை. கரையான் பெரும்பாலும் மண் பூசிக்கிட்டு வரும், இப்படி மாவு மாதிரி தூள் கொட்டாது. இது மரத்தை உளுக்க வைக்கிற சின்ன வண்டு. தேக்குல வைரம் பாய்ஞ்ச பகுதியை அது தொடாது, வெளிறின வெள்ளைப் பகுதியைத்தான் தின்னும். குத்தூசியால குத்திப் பாருங்க. கால் அங்கங்க மட்டும் இறங்குதுன்னா காப்பாத்திடலாம். நாலு பக்கமும் பொதபொதன்னு இறங்கினா அந்தக் காலையே மாத்தணும்.

மருந்துக்கு வெண்காரம் 60 கிராம், போரிக் பவுடர் 40 கிராம், ஒரு லிட்டர் சுடுதண்ணியில கரைங்க. அந்தக் கால்ல மட்டும் பாலிஷை வெறும் மரம் தெரியுற அளவுக்கு எடுத்திடணும், இல்லைன்னா உள்ள இறங்காது. காயக் காய விடாம மூணு தடவை பிரஷ்ல அடிச்சு, ஒவ்வொரு ஓட்டையிலயும் சிரிஞ்சால ஏத்துங்க. ஒரு வாரம் நிழல்ல காய வெச்சு, மேல பாலிஷ் போட்டு மூடிடுங்க. மூடாம விட்டா நாய் நக்கி வாந்தி எடுக்கும். அப்புறம் ஓட்டைகளை மெழுகால அடைச்சு, காலுக்கு அடியில கறுப்புத் தாள் விரிச்சு வெச்சா, மறுபடி தூள் விழுதான்னு தெரிஞ்சிடும்.

பச்சை ஸ்டாண்டு பத்திதான் எனக்குக் கவலை. இந்தியாவுல வீட்டுப் பெயின்ட்ல ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சம் பங்குல 90 பங்கு) மேல இருக்கக் கூடாதுங்கிற விதி 2017 நவம்பர்லதான் அமலுக்கு வந்துச்சு. அதுக்கு முந்தின எனாமல்ல, முக்கியமா பச்சை, மஞ்சள், சிவப்புல, ஈயம் இருக்கும்னே வெச்சுக்கணும். உலர்ந்த உப்புத்தாள் போட்டா தூள் வீடெல்லாம் பறக்கும். பூனை மேல படிஞ்சதை பூனை நக்கியே தின்னும். ஹீட் கன்னும் வேணாம், ஈயம் புகையா வரும். தண்ணி தெளிச்சுக்கிட்டே உரிஞ்ச பெயின்ட்டை மட்டும் சுரண்டி, செய்தித்தாளோட சுருட்டிக் கட்டிப் போட்டு, தரையை ஈரத் துணியால ரெண்டு தடவை துடைக்கணும். துடைப்பம் எடுக்கக் கூடாது. அதுக்கு மேல பிரைமரும் புது எனாமலும் அடிக்கலாம். ஆனா உங்க நாய் மரத்தை மெல்லுற நாய்னா, எத்தனை கோட்டு அடிச்சாலும் பல்லு அடிக்கோட்டுக்குப் போயிடும். அப்படின்னா அந்த ஸ்டாண்டை விட்டுடுங்க.

பிரம்புக்கூடம் எழுதியது:

தச்சுப்பட்டறை அண்ணன் சொன்னதோடு பின்னல் பற்றி. மரவேலையும் பாலிஷும் முடிந்த பிறகுதான் பின்னலைத் தொட வேண்டும்.

தொய்ந்த நாற்காலியை அவிழ்க்காதீர்கள். கவிழ்த்து வைத்து, பின்னலின் அடிப்பக்கத்தில் வெந்நீரில் நனைத்த துண்டைக் கால் மணி நேரம் போட்டு வையுங்கள். பிரம்பின் மேல்பக்கம் வழவழவென்று இருப்பதால் தண்ணீரை ஏற்காது, அடிப்பக்கம்தான் உறிஞ்சும். நனைந்த துண்டு சட்டத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், புது பாலிஷ் வெளுத்துவிடும். நிழலில் இரவு முழுவதும் காய்ந்தால் பின்னல் தானாக இறுகும். காயும் முன் உட்கார்ந்தால் முன்பைவிட மோசமாகத் தொய்யும்.

கிழிந்ததைப் புதிதாகத்தான் பின்ன வேண்டும். ஓரத்துத் துளைகளில் அடைந்திருக்கும் பழைய பிரம்பை ஆணியால் தட்டி இறக்கிவிட்டு, பட்டையை வெதுவெதுப்பான நீரில் 20 முதல் 30 நிமிடம் ஊற வையுங்கள். மணிக்கணக்கில் ஊறினால் கறுக்கும். முதலில் பின்னிருந்து முன்னாக ஒரு வரிசை, அதன்மேல் இடவலமாக ஒன்று, மறுபடி பின்னிருந்து முன்னாக. நான்காவது இடவல வரிசையில்தான் மேலும் கீழுமாகக் கோக்கும் வேலை தொடங்கும். ஐந்தும் ஆறும் மூலைவிட்டம். துளையில் இறங்கும் பட்டையை ஒரு மர முளையால் நெருக்கி வைத்தால் அடுத்த பட்டை இழுக்கும்போது நழுவாது. முதல் இரண்டு வரிசையை விறைப்பாக இழுத்தால், கடைசி வரிசை வருவதற்குள் ஊசி நுழையக்கூட இடம் இருக்காது. எனவே ஆரம்பத்தில் விரலால் அழுத்தினால் கொஞ்சம் இறங்கும் தளர்வு இருக்கட்டும். மூலைவிட்டப் பட்டை ஒவ்வொரு குறுக்கிலும் உராய்ந்து இழை பிரிந்தால், நீங்கள் தவறான பக்கம் கோக்கிறீர்கள் என்று பொருள். அவிழ்த்து, மேலே போனதைக் கீழே மாற்றுங்கள்.

பூனை பிறாண்டும் வீட்டில் மறுபடி பிரம்பு வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். பருத்திக் கட்டில் நாடா போதும். நகம் அதில் கொக்கிபோல் மாட்டிக்கொள்வதால் சில பூனைகள் அதையும் விடாது என்பது உண்மைதான். ஆனால் ஒரு நாடா கிழிந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். பிரம்பில் ஒரு பட்டை அறுந்தால் சுற்றிலும் இளகிவிடும். நாடாவை நன்றாக இழுத்து, சட்டத்தின் அடியில் முனையை இரண்டாக மடித்து ஆணி அடியுங்கள். மடிக்காமல் அடித்தால் ஆணித்தலை வழியே கிழிந்து வந்துவிடும்.

அதோடு பூனைக்கென்று ஒரு கட்டை வேண்டும். 6 அல்லது 8 மி.மீ. சணல் கயிற்றை நெருக்கமாகச் சுற்றிய கம்பம், பூனை முழுதாக உடலை நீட்டிப் பிறாண்டும் அளவுக்கு 80 செ.மீ. உயரமாவது இருக்கட்டும். அடிப்பலகை கனமாக இருப்பது முக்கியம். ஒருமுறை ஆடிச் சாய்ந்தால் பூனை அந்தப் பக்கமே வராது. நாற்காலிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். மூலையில் ஒதுக்கினால் பயனில்லை.

மேற்குபால்கனி:

மிக்க நன்றி. பஞ்சு வெச்சுப் பார்த்தேன், ஸ்பிரிட்டுக்கு இளகுது, அரக்குதான். ஸ்டாண்டைக் கழிச்சுடறேன், வேற மரத்துல செய்யறேன். இப்போ பால்கனியில் மணி பிளான்ட், லில்லி, கற்றாழை, ரோஜா இருக்கு. உரத்துக்கு ஆமணக்குப் புண்ணாக்கும் கடலைப் புண்ணாக்கும் போடறேன். தரை துடைக்க பினாயில். இதில் எதையாவது மாத்தணுமா?

வால்நண்பன் எழுதியது:

மூன்றை உடனே மாற்ற வேண்டும்.

ஒன்று, ஆமணக்குப் புண்ணாக்கு. இன்றே வெளியேற்றுங்கள். ஆமணக்கு விதையில் உள்ள ரைசின் என்ற நஞ்சு எண்ணெயில் போகாது, புண்ணாக்கில்தான் தங்கும். ஆலையில் சூடு சரியாகப் படாத புண்ணாக்கில் அது உயிரோடு இருக்கும். அதன் வாசம் நாய்க்கு ரொம்பப் பிடிக்கும். மண்ணோடு தோண்டித் தின்னும். வாந்தி, இரத்தப் பேதி என்று தொடங்கி உயிரே போகலாம். கடலைப் புண்ணாக்கு அந்த அளவு நஞ்சில்லை என்றாலும் ஈரத்தில் பூஞ்சை பிடித்தால் கல்லீரலுக்குக் கேடு. அதற்கும் நாய் மண்ணைத் தோண்டும்.

இரண்டு, லில்லி. பூக்கடையில் பெரிய எக்காள வடிவத்தில் விற்கும் உண்மையான லில்லியானால், பூனை உள்ள வீட்டில் அதற்கு இடமே கிடையாது. இலை மட்டுமில்லை, உடம்பில் விழுந்த மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் செயலிழக்கும். பீஸ் லில்லி வேறு இனம். அது வாயை எரிக்கும், எச்சில் ஒழுகும், அவ்வளவுதான். மணி பிளான்ட்டும் அப்படியே. எட்டாத உயரத்தில் தொங்க விட்டால் போதும். கற்றாழை தின்றால் வாந்தி, பேதி. அரளி, சைக்கஸ், செங்காந்தள் மூன்றையும் வாங்கவே வேண்டாம். முதலாவது இதயத்தையும் இரண்டாவது கல்லீரலையும் தாக்கும், செங்காந்தள் கிழங்கிலோ கால்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது.

மூன்று, பினாயில். பூனையின் கல்லீரலுக்கு ஃபீனால் வகைப் பொருள்களை உடைத்து வெளியேற்றும் திறன் மிகக் குறைவு. ஈரத் தரையில் நடந்து பாதத்தை நக்குவதே போதும். சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். பூனை சிறுநீர் கழித்த இடத்தில் பிளீச்சிங் பவுடரும் கூடாது, இரண்டும் சேர்ந்தால் மூச்சை அடைக்கும் வாயு வரும்.

கடைக்காரர் சொன்ன கரையான் மருந்தில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறதா என்று டப்பாவில் பாருங்கள். நாய்க்குப் பெரிதாக ஒன்றும் செய்யாத அளவுகூடப் பூனைக்கு வலிப்பைக் கொண்டுவரும். மேலே சொன்ன வெண்காரக் கரைசல் இதைவிட எவ்வளவோ மேல். நாற்காலி, அலமாரி எதிலும் அந்துருண்டை வைக்காதீர்கள்.

ஏதாவது தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கும் பழக்கம் வேண்டாம், உப்பே நஞ்சாகும். தின்ற செடியின் ஒரு கிளையையோ டப்பாவையோ எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள். லில்லி விஷயத்தில் அறிகுறி தெரியும்வரை காத்திருக்கவே கூடாது.

தொட்டிச்செடி எழுதியது:

செடி எதுவும் இல்லாமல் போய்விடுமோ என்று கவலைப்படாதீங்க. மேற்கு வெயிலுக்கு ரோஜா, மல்லிகை, துளசி மூணும் நல்லா வரும். பூனை, நாய் கடித்தாலும் பயமில்லை. நிழல் விழும் மூலையில் ஸ்பைடர் பிளான்ட், அரேகா பனை வைக்கலாம். பூனைக்குன்னே ஒரு தட்டில் கோதுமையை ஊற வைத்து விதைச்சுடுங்க. பத்து நாளில் விரல் நீளப் புல் வந்துடும், மத்த இலைகளைக் கடிப்பது குறையும்.

கலவை: செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் மூணும் சம பங்கு. நார்க்கழிவை இரண்டு மூணு தண்ணீர் மாற்றி ஊற வைத்துப் பிழியணும். உப்பு போகாவிட்டால் ரோஜாவின் இலை நுனி கருகும். 12 அங்குலத் தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. கசப்பால் பெரும்பாலான நாய்கள் சீண்டாது. ஆனாலும் மேலே தூவாமல் கலவையோடு புதைச்சிடுங்க.

புது ஸ்டாண்டு செய்யும்போது கனத்தைக் கணக்கில் எடுங்க. நனைந்த மண்ணோடு ஒரு 12 அங்குலத் தொட்டி 15, 18 கிலோ வரும். ஒரு தட்டில் மூணு வைத்தால் 50 கிலோ. மரம் முதலில் அழுகுவது கால்களின் நுனியில்தான். அங்கே அறுத்த முகம் தண்ணீரை உறிஞ்சும். எனாமலை அங்கே மூணு கோட்டு கொடுத்து ரப்பர் புஷ் மாட்டுங்க. தொட்டியைப் பலகைமேல் நேராக வைக்காமல், அடியில் ஓட்டுத் துண்டு வைத்துத் தூக்கி வைங்க.

பூனை தோண்டுவதற்கு: உலர்ந்து பொலபொலன்னு இருக்கும் மண்ணைத்தான் அது தேடும். கோழி வலையைத் தொட்டி அளவுக்கு வட்டமாக வெட்டி, தண்டுக்கு நடுவில் துளை விட்டு, மண்ணுக்கு இரண்டு செ.மீ. கீழே பதிச்சிடுங்க. வெட்டின கம்பி முனைகளைக் கீழ்நோக்கி மடக்குங்க, இல்லாவிட்டால் பாதம் கிழியும். இன்னொன்று, தொட்டியில் குப்பைமேனி முளைத்திருந்தால் பூனை வீட்டில் இல்லாத நேரம் பார்த்துப் பிடுங்குங்க. பிடுங்கின வேரின் வாசத்துக்குப் பூனை ஓடி வந்து அந்தத் தொட்டியிலேயே புரளும். வேரை மூடிப் போட்டு வெளியே எறிஞ்சுட்டு, மண்ணுக்கு நல்லா தண்ணீர் ஊற்றுங்க.

மேற்கு வெயிலில் ரோஜாவுக்குச் செம்பேன் வரும். இலை மேலே புள்ளி புள்ளியாக வெளுக்கும், அடியில் மெல்லிய நூலாம்படை தெரியும். வாரம் இரண்டு முறை இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினால் பாதி போயிடும். மிச்சத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் முதலில் சோப்புக் கரைசல் 2 மில்லி, அப்புறம் வேப்பெண்ணெய் 5 மில்லி. வரிசை மாறினால் எண்ணெய் தனியாக மிதக்கும், தெளித்த இடமெல்லாம் இலை கருகும். மாலை 5 மணிக்கு மேல் தெளிச்சு, அன்றைக்கே தீர்த்துடுங்க; மறுநாளைக்கு வைத்தால் வீரியம் இருக்காது. இலை காயும்வரை பால்கனிக் கதவைச் சாத்தி வைங்க.

மல்லிகைக்கு நவம்பர் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கவாத்து செய்ங்க. வெட்டின குச்சிகளை நாய்க்கு மெல்லக் கொடுக்காதீங்க, சிம்பு தொண்டையில் குத்தும்.